ஒரு பூவுக்கு இரண்டு பயிற்சியாளர்கள்

சைகோனில் எங்கள் வீட்டுக்குக் கூரை கிடையாது. கூரை இருக்கவேண்டிய இடத்தில் ஜனங்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

கால்பந்து மைதானத்தின் ஒரு பக்கத்தில் மரப்பலகையால் படிப்படியாகக் கட்டிய பார்வையாளர் மேடை ஒன்று இருந்தது. அதன் அடியில் தட்டி வைத்துத் தடுத்து, இரண்டு அறையும் ஓர் அடுப்படியும் எடுத்திருந்தார்கள். அங்கேதான் நானும் என் வீட்டுக்காரரும் குடியிருந்தோம். தெருப்பக்கத்து முன்னறையில் நிமிர்ந்து நடக்கலாம். அடுத்த அறையில் என் வீட்டுக்காரர் கொஞ்சம் குனியவேண்டும். மேடை சரிந்து மைதானத்தின் ஓரத்தில் வந்து முடிகிற இடத்தில் அடுப்படி. அங்கே நான் மட்டும்தான் நிமிர்ந்து நிற்க முடியும். நான் குள்ளம். என் அடுப்புப் புகை பலகை இடுக்கு வழியாக முதல் வரிசைக்காரர்களின் காலடியில் கிளம்பும். இருமுவார்களே தவிர யாரும் குறை சொன்னதில்லை. மீன் வறுக்கிற நாளில் ஆட்டத்தை விட்டுவிட்டுக் குனிந்து பார்ப்பார்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

பந்து வலைக்குள்ளே போனால் மேலே எல்லோரும் எழுந்து குதிப்பார்கள். பலகையில் இருக்கிற அத்தனை தூசியும் என் குழம்புச் சட்டிக்குள் கொட்டும். மேடையில் உட்காருகிறவர்கள் எல்லாம் எங்கள் ஆட்கள். எதிர் அணிக்காரர்களுக்கு எதிர்ப்பக்கத்து மண்மேடு. ஆகையால் எங்கள் அணி பந்தைப் போட்டால்தான் தூசி. எனக்குக் கூச்ச சுபாவம். வெளியே வந்து ஓர் ஆட்டம்கூடப் பார்த்தவள் இல்லை. ஆனால் அந்த வருஷம் என் குழம்பு வெகு சுத்தமாக இருந்தது. அதிலிருந்தே அணியின் நிலைமை எனக்குத் தெரிந்துவிட்டது.

அணி ஓர் அரிசி ஆலை முதலாளியுடையது. ஆட்டக்காரர்கள் எல்லாம் ஆலையில் மூட்டை தூக்குகிறவர்கள் என்று பேர். சம்பளம் வாங்கியது பந்து உதைப்பதற்கு. அந்த வருஷம் பார்த்தால், மூட்டை தூக்கியிருந்தால் ஆலைக்காவது லாபம் என்று தோன்றும். என் வீட்டுக்காரர் காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே வந்தவர். கேட்டைத் திறப்பது, சுண்ணாம்பால் கோடு போடுவது, பிரெஞ்சில் கடிதம் எழுதுவது, பிரெஞ்சுக்காரர் யாராவது வந்தால் அவர் பேச்சை மொழிபெயர்ப்பது, எல்லாம் அவர்தான். அதற்காகத்தான் அந்த இரண்டு அறையும் அடுப்படியும்.

அதற்கு முன்னால் பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் ஒருவருடைய துணிக்கடையின் பின்னால், ஜவுளிக் கட்டுகளுக்கு நடுவில் படுத்திருந்தோம். கடைக்காரரின் மனைவி சமைத்து முடித்த பிறகு, அவர்கள் அடுப்பில், அவர்கள் விட்டுவைத்த தணலில் நான் உலை வைக்க வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். என் அடுப்பு என்று ஒன்றை நான் மூட்டியது மேடைக்கு அடியில்தான். அதனால் கூரையில் மேஜர் உட்கார்ந்திருந்தாலும் எனக்கு அது வீடு.

மேஜரைச் சொன்னேன். முதலாளியையும் சொல்லிவிடுகிறேன். சைகோனில் சீனர்களை எல்லாம் மூன்றாம் மாமா என்று கூப்பிடுவார்கள். இந்தியர்களை ஏழாம் அண்ணன். ஏன் மூன்று, ஏன் ஏழு, நடுவில் இருக்கிற பேர்கள் யார் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. ஆலை முதலாளி சீனர், அதனால் ஊருக்கே மூன்றாம் மாமா. நான் அவருக்கு ஏழாம் அக்கா. மேஜர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், வியட்நாமியர், கிளப்பின் துணைத் தலைவர். அவர் பட்டாளத்தில் இருந்தபோது என்ன ஜெயித்தார் என்று தெரியாது. கால்பந்தில் எப்படி ஜெயிப்பது என்பது மட்டும் அவருக்குத் தெரியும். பிரெஞ்சுக்காரர் ஒருவரைப் பயிற்சியாளராகப் போட வேண்டும். அவ்வளவுதான்.

அந்தச் சமயம் எங்கள் பயிற்சியாளர் உடம்புக்கு நல்லது என்று வுங் டாவுக்குக் கடலில் குளிக்கப் போயிருந்தார். ஓர் ஆட்டத்துக்குத் திரும்பவில்லை. அடுத்ததற்கும் வரவில்லை. பிறகு பஸ் கண்டக்டர் ஒருவர் வந்து, கடல்காற்று அவருக்கு நன்றாக ஒத்துக்கொள்கிறதாம், தேட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் இல்லாமலும் தோற்றோம். அவர் இருந்தபோது தோற்ற அதே மாதிரிதான்.

அன்று சாயங்காலம் கிளப் கூட்டம் எங்கள் முன்னறையில் கூடியது. வேறு இடம் கிடையாது. நான் திரைக்குப் பின்னால் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"இரண்டாம் பிரிவுக்கு இறங்கினோம்னா கிளப்பை மூடிடுவேன்" என்றார் மூன்றாம் மாமா. "மைதானத்த சிமெண்ட் லாரி நிறுத்த வாடகைக்கு விட்டுடுவேன். மேடையப் பிரிச்சு வெறகா வித்துடுவேன். லாரி தோக்காது."

"லாரிக்குக் கோச்சும் வேண்டாம்" என்றார் மேஜர்.

"மேஜர், நீங்க யார் பக்கம்?"

"உண்மையின் பக்கம், தலைவரே."

"அப்ப எதிர் அணிக்குப் போங்க. அங்கதான் உண்மை நெறையா இருக்கு."

என் வீட்டுக்காரர் காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் வந்தார்.

"கேட்டியா புள்ள?"

"கேட்டேங்க."

"லாரி நின்னாலும் கேட்டு தொறக்க ஒரு ஆளு வேணும்ல?"

"அதுக்கு அவங்க மில்லுலயே ஆளு இருக்கும். பிரெஞ்சு தெரிஞ்ச கேட்டுக்காரரு லாரிக்கு எதுக்கு?"

அவர் கோப்பையைக் கழுவ ஆரம்பித்தார். அவர் கோப்பை கழுவினால் மனசு சரியில்லை என்று அர்த்தம். நான் அடுப்பைப் பார்த்தேன். அந்த அடுப்பு நானே மண் குழைத்துப் போட்டது. அதன் மேல் இனி சிமெண்ட் லாரி நிற்கும்.

பயிற்சியாளர் தேடல் தொடங்கியது. முதலில் ஹாங்காங்கிலிருந்து ஒருவர் வந்தார். அவர் பேசியது மூன்றாம் மாமாவுக்கே புரியவில்லை. இரண்டு பேரும் சீனர்கள்தான், ஆனால் வேறு வேறு சீனமாம். சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அப்புறம் மேஜர் ஒருவரைக் கூட்டிவந்தார். சட்டை முழுக்கப் பதக்கம். என் வீட்டுக்காரர் ஒரு பதக்கத்தைக் கிட்டத்தில் வாசித்துப் பார்த்துவிட்டு, "முசியே மேஜர், இது நீச்சலுக்குக் கொடுத்தது" என்றார். மேஜர் கொஞ்சமும் அசரவில்லை. "மழைக்காலம் வருதே" என்றார்.

கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் தூ டுக்குக்கு அப்பால் ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வை பார்த்த பிரெஞ்சுக்காரர். நெட்டை. இளவயதில் தன் நாட்டில் பெரிய அணி ஒன்றில் இருந்தாராம். அணியில் என்னவாக இருந்தார் என்று கேட்டால், அந்தக் கேள்வியே மரியாதை இல்லாதது என்பது போல் பார்ப்பார். இன்னொருவர் சந்தை முனையில் ஃபோ கடை வைத்திருந்தவர். ஃபோ என்றால் அங்கே காலையும் மாலையும் ஜனங்கள் குடிக்கிற நூடுல்ஸ் சூப்பு. அவர் ஒரு காலத்தில் நன்றாக ஆடியவர், முட்டி போய்விட்டது. பயிற்சி என்று அவர் சொல்லிக்கொடுக்கிறது ஒன்றே ஒன்றுதான் என்று சொல்வார்கள்: "ஓடு!" தான் இனிமேல் ஓட முடியாததால் அதை அடுத்தவர்களிடம் சொல்வதில் அவருக்கு மனத்திருப்தி இருந்தது போலும்.

மேஜர் பிரெஞ்சுக்காரரைக் கேட்டார். என் வீட்டுக்காரரும் உள்ளுக்குள் அதையேதான் விரும்பினார். பிரெஞ்சுக்காரர் வந்தால் மொழிபெயர்க்க ஆள் வேண்டும், ஆள் இருந்தால் வீடு இருக்கும். மூன்றாம் மாமா மட்டும் ஒரு முடிவுக்கு வராமல் தவித்தார். ஆலைக்கு நெல் வாங்கினாலும் மாரியம்மன் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாங்குகிறவர் அவர். சைகோன் மாரியம்மனுக்கு எங்கள் ஆட்களைவிட அந்த ஊர்க்காரர்கள்தான் அதிகம் கும்பிடு போடுவார்கள். சந்நிதிக்குப் பின்னால் கல்சுவரில் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு, வேண்டியதை ரகசியமாகச் சுவரிடம் சொல்லுவார்கள். அம்மன் காதுக்குப் போய்விடுமாம்.

"நீங்க ஊர்ல ஒரு முடிவு தெரியலேன்னா என்ன செய்வீங்க, ஏழாம் அண்ணே?" என்று மூன்றாம் மாமா ஒரு நாள் கேட்டார்.

என் வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. "பூ கேப்போம்" என்றார். "ஒரு பொட்டலத்துல செவப்புப் பூ, ஒண்ணுல வெள்ளைப் பூ. ரெண்டையும் ஒரே மாதிரி எலையில கட்டி அம்மன் காலடியில போடுவோம். மனசுல கேள்விய நெனச்சுக்கிட்டு ஒண்ண எடுக்கணும். ஆத்தா பதில் சொல்லிடுவா."

"பொய் சொல்ல மாட்டாளே?"

"ஆத்தாவா?"

"சரி, அப்ப மேஜரவிட மேல்" என்றார் மூன்றாம் மாமா.

கேள்வி பேசி முடிவாயிற்று: பிரெஞ்சுக்காரரை எடுக்கலாமா? இல்லையென்றால் ஃபோ கடைக்காரர். யார் பொட்டலம் எடுப்பது என்று அடுத்த பேச்சு. எங்கள் ஊரில் குழந்தையை எடுக்கச் சொல்வோம் என்றார் என் வீட்டுக்காரர். குழந்தைக்கு மேஜர் மிட்டாய் கொடுத்துவிடுவார் என்றார் மூன்றாம் மாமா. பிறகு திரைப்பக்கம் பார்த்து, "ஏழாம் அக்கா எடுக்கட்டும். அவங்க யார் பக்கமும் பேச மாட்டாங்க" என்றார்.

"அவ பேசவே மாட்டாளே" என்றார் என் வீட்டுக்காரர்.

"அதத்தான் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். அத்தனை ஆண்பிள்ளைகள் நடுவில் நான் முன்னால் போய் நின்றதே இல்லை. குருக்கள் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் மெதுவாகப் பின்னால் போய், மற்றவர்கள் செய்வது போல் கல்சுவரில் நெற்றியை வைத்தேன். சுவர் சில்லென்று இருந்தது. பக்கத்தில் ஒரு வியட்நாமியப் பெண் அழுதுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தாள். பட்டாளத்துக்குப் போன மகனாக இருக்கும். அவளுக்குப் பக்கத்தில் நின்று கால்பந்தைப் பற்றிக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. சட்டென்று, "அந்த அடுப்படி எங்கிட்டயே இருக்கணும் தாயே" என்று மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டு வந்து ஒரு பொட்டலத்தை எடுத்தேன்.

குருக்கள் பிரித்தார். வெள்ளை நந்தியாவட்டை.

என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. மூன்றாம் மாமா முகம் ஒரு நிமிஷம் வெளுத்துப்போய், பிறகு தெளிந்தது. குனிந்து குனிந்து கும்பிட்டார். நிமிர்ந்து சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து மேஜரும் சிரித்தார்.

"தெளிவா சொல்லிட்டா" என்றார் மூன்றாம் மாமா. "இதுக்கு மேல பேச்சு வேண்டாம். ஆக வேண்டியதப் பாருங்க."

"பாத்துடறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

திரும்பி வரும்போது சைக்ளோ ரிக்‌ஷாவில் நான் கேட்டேன். "ஏங்க, பூவப் பாத்ததும் அவரு மொகம் ஏன் அப்படிப் போச்சு?"

"சந்தோஷத்துல புள்ள. பெரிய மனுஷனுக்குச் சந்தோஷம் அப்படித்தான் வரும்."

அன்றே என் வீட்டுக்காரர் ரப்பர் தோட்டத்துக்குத் தந்தி அடித்தார்: உடனே வரவும், தங்குமிடம் தரப்படும். மூன்றாம் மாமாவும் அன்றே வீட்டுக்குப் போகிற வழியில் சந்தை முனையில் காரை நிறுத்தி ஒரு கிண்ணம் ஃபோ சாப்பிட்டார் என்று பிற்பாடு தெரிந்தது.

திங்கட்கிழமை காலையில் நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். ஒரு டாக்ஸி வந்து நின்றது. பிரெஞ்சுக்காரர் இறங்கினார். இரண்டு பெட்டி, ஒரு கொசுவலை, ஒரு மடக்கு நாற்காலி. என்னைப் பார்த்துத் தொப்பியை எடுத்து, "போன்ஜூர், மதாம்" என்றார். நான் வாளியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். என் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வெளியே வந்தபோது டாக்ஸிக்குப் பின்னால் ஒரு மூன்று சக்கர வண்டி வந்து நின்றது. ஃபோ கடைக்காரர். ஒரு படுக்கைச் சுருள், முட்டிக்குப் போடுகிற தைல பாட்டில், அப்புறம் என் இடுப்புயரத்துக்கு ஒரு சூப்பு அண்டா. கடையை மைத்துனனிடம் கொடுத்துவிட்டாராம். அண்டாவை மட்டும் யாரிடமும் கொடுக்க மனசு வரவில்லையாம்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர், அண்டாக்காரர் கிளப் சமையல்காரர் என்று நினைத்தார். ஃபோ கடைக்காரர், மடக்கு நாற்காலிக்காரர் எங்கள் வீட்டு விருந்தாளி என்று நினைத்தார். இந்த நினைப்பிலேயே இரண்டு பேரும் என் முன்னறையில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். மூன்றாம் மாமாவும் மேஜரும் வந்த பிறகுதான் வெடித்தது.

"இவர் ஏன் இங்க இருக்கார்?" என்று மூன்றாம் மாமா பிரெஞ்சுக்காரரைக் காட்டினார்.

"நீங்கதானே ஆக வேண்டியதப் பாருன்னீங்க. வெள்ளைப் பூ வந்துச்சே!"

"வெள்ளை வந்துச்சு. வெள்ளை சாவு வீட்டு நெறம். சாவு வீட்டுலதான் வெள்ளை கட்டுவாங்க. அம்மன் வேண்டாம்னு சொல்லிட்டா. எனக்கு நெஞ்சே அடைச்சுப்போச்சு."

"ஐயோ, வெள்ளை வந்தா சம்மதங்க! செவப்பு வந்தாத்தான் வேண்டாம்!"

"செவப்பு வேண்டாமா? கல்யாணத்துக்கு செவப்பு, வருஷப் பொறப்புக்கு செவப்பு, அது வேண்டாமா? இத ஏன் நீ முன்னாடியே சொல்லல?"

"இதக்கூடவா சொல்லணும்? ஒலகத்துக்கே தெரிஞ்ச விஷயமாச்சே!"

"ஒலகத்துக்கே தெரிஞ்சதத்தான் நானும் செஞ்சேன்!"

இரண்டு பேரும் மேஜர் பக்கம் திரும்பினார்கள். மேஜர் தொண்டையைச் செருமினார். "நான் பூவயே பாக்கல. தலைவர் சிரிச்சார். சிரிச்சேன்."

இன்னொரு தடவை பூ கேட்டுவிடலாம் என்றார் மூன்றாம் மாமா. என் வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். "சொன்னதையே திருப்பிக் கேட்டா ஆத்தா கோவிச்சுக்குவா. கூடவே கூடாது." அன்று அவர் கொஞ்சம் பக்தி குறைந்தவராக இருந்திருக்கலாம் என்று நான் பிற்பாடு பல தடவை நினைத்தது உண்டு. ஏனென்றால் மூன்றாம் மாமா வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்ன முடிவு இது: அம்மன் இரண்டு பேரையும் கொடுத்திருக்கிறாள். வந்த ஆளைத் திருப்பி அனுப்பினால் அவளுக்கும் அவமானம், தனக்கும் அவமானம். இரண்டு பேருமே தலைமைப் பயிற்சியாளர்.

"தங்குமிடம்?" என்று பிரெஞ்சுக்காரர் தந்தியை எடுத்துக் காட்டினார்.

"எனக்கும் சொல்லியிருக்கு" என்றார் ஃபோ கடைக்காரர்.

கிளப்புக்கு வேறு தங்குமிடம் ஏது? உயரத்தை வைத்துப் பிரித்தார்கள். பிரெஞ்சுக்காரர் நெட்டை, நிமிர்ந்து நடக்கிற முன்னறை அவருக்கு. ஃபோ கடைக்காரர் நடுத்தர உயரம், நடு அறை அவருக்கு. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏழாம் அக்காவுக்கு அடுப்படி இருக்கே" என்றார் மூன்றாம் மாமா.

இருந்தது. நான் சுவரிடம் கேட்டது அதுதான். அறைகளைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கேட்டதைக் கேட்டபடி கொடுத்துவிட்டாள், ஒரு பிடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

என் வீட்டுக்காரர் அடுப்படியில் முட்டியை மடக்கிப் படுக்கப் பழகிக்கொண்டார். எழுந்திருக்கத்தான் பழகவில்லை. காலையில் பலகையில் தலை இடிக்கிற சத்தம்தான் எங்களுக்குச் சேவல். அண்டா என் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. முதல் நாளே அதற்குள் மாட்டெலும்பு போட ஃபோ கடைக்காரர் கொண்டுவந்தார். அந்த ஊருக்கு வந்து இத்தனை காலத்தில் ஓர் அந்நிய ஆண்பிள்ளையிடம் நான் முதன்முதலாக வாய் திறந்தது அன்றைக்குத்தான். "மாடு வேண்டாம்" என்றேன், அவர் பாஷையில், இரண்டே சொல். அவர் திடுக்கிட்டுப்போனார். நான் ஊமை என்று நினைத்திருந்தாராம். மறுநாளிலிருந்து கோழியெலும்புக்கு மாறிவிட்டார். அது ஃபோவே இல்லை, வெறும் வெந்நீர் என்று குறைபட்டுக்கொண்டே குடிப்பார்.

மைதானத்தில் என்ன நடந்தது என்று எனக்குப் பலகை இடுக்கு வழியாகக் காதில் விழுந்ததுதான். பிரெஞ்சுக்காரர் மெதுவாக, நீளமாக ஏதோ சொல்வார். என் வீட்டுக்காரர் அதை வியட்நாமியத்தில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஃபோ கடைக்காரர் "ஓடு!" என்று கத்துவார். பையன்கள் ஓடுவார்கள். பிரெஞ்சுக்காரர், "நில்லுன்னுல்ல சொன்னேன்?" என்பார். என் வீட்டுக்காரர் அதை மொழிபெயர்ப்பார். பையன்கள் நிற்பார்கள். இப்படி ஓடி நின்று, ஓடி நின்று அடுத்த ஆட்டத்துக்குப் போனார்கள். தோற்றார்கள். குழம்பு சுத்தம்.

மேஜர்தான் வழி கண்டுபிடித்தார். முதல் பாதி ஆட்டம் பிரெஞ்சுக்காரருக்கு, இரண்டாம் பாதி ஃபோ கடைக்காரருக்கு. ஒருவருடைய பாதியில் மற்றவர் வாய் திறக்கக் கூடாது. அது நன்றாகத்தான் வேலை செய்தது. எந்தப் பாதியில் தோற்றோம் என்று கணக்காகச் சொல்ல முடிந்தது. நடுவில், பின்வரிசையில் ஆடிய ஒரு பையனைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். லாரி மைதானத்து வாசலிலேயே வந்து நின்றது. அவன் பூட்ஸைக் கழற்றி என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு ஏறினான். அன்று சாயங்காலம் இரண்டு பயிற்சியாளர்களும் அடுப்படி வாசலில் உட்கார்ந்து ஒருவரோடு ஒருவர் சண்டை போடாமல் சாப்பிட்டார்கள். அது ஒரு நாள்தான்.

கடைசி ஆட்டம் வந்தது. தோற்காமல் இருந்தால் போதும், முதல் பிரிவிலேயே இருந்துவிடலாம். தோற்றால் கீழே, அதாவது லாரி. மூன்றாம் மாமா முதல் நாளே ஓர் ஆளைக் கூட்டிவந்து நாடா பிடித்து மைதானத்தை அளந்து பார்த்தார். அந்த ஆள் என் அடுப்படிக்குள்ளும் குனிந்து நுழைந்து, அடுப்பைத் தாண்டி நாடாவை இழுத்தான். "இது இடிபடும்" என்று சாதாரணமாகச் சொன்னான். நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கரைத்துக்கொண்டே இருந்தேன்.

ஆட்டத்தன்று மேலே ஒரே கூட்டம். லாரி வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, கடைசியாக ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்று வந்தவர்கள்தான் பாதிப்பேர். நான் மீன் குழம்பு வைத்திருந்தேன். ஆட்ட நாளில் சட்டியை மூடியே வைப்பேன். அன்றும் மூடித்தான் வைத்தேன். எதிர்ப்பக்கத்து மண்மேட்டில் ஒரு சத்தம் எழுந்தது. எங்கள் பலகை அசையவில்லை. எதிராளிகள் பந்தைப் போட்டுவிட்டார்கள் என்று புரிந்துகொண்டேன். இடைவேளையில் என் வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்க வந்தார்.

"ஒண்ணு வாங்கிட்டாங்க" என்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. "பொட்டிய எடுத்து வச்சுடலாமா புள்ள? ஜவுளிக்கடைக்கே போயிடலாம்."

"இன்னும் பாதி இருக்குல்ல?"

"ஃபோக்காரன் பாதி. ஓடு ஓடுன்னு கத்துவான்."

"கத்தட்டும். போங்க."

அவர் போன பிறகு நான் சட்டியின் மூடியை எடுத்துக் கீழே வைத்தேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குழம்பு திறந்து கிடந்தது. எண்ணெய் மிதந்து பளபளத்தது. நான் சட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே செருப்புகள் உரசுகிற சத்தம், யாரோ வேர்க்கடலை உடைக்கிற சத்தம், ஃபோ கடைக்காரரின் "ஓடு!" நேரம் போய்க்கொண்டே இருந்தது. குழம்பு பளபளவென்றே இருந்தது. இவ்வளவு சுத்தமான குழம்பைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

திடீரென்று மேலே இடி இடித்தது போல் இருந்தது. பலகைகள் எல்லாம் வில்லாக வளைந்து நிமிர்ந்தன. தூசி, கடலைத் தொலி, சிகரெட் சாம்பல், யாருடையதோ செருப்பு மண், எல்லாம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. என் தலை, தோள், குழம்பு, ஒரே மூட்டம். நான் நகரவில்லை. அதற்குப் பிறகு வெகுநேரம் மேலே மூச்சுச் சத்தம்கூட இல்லை. பிறகு விசில். மறுபடியும் இடி. இந்தத் தடவை ஒரு பலகையின் ஆணியே கழன்று விழுந்தது.

பந்து எப்படிப் போனது என்று என் வீட்டுக்காரர் பிற்பாடு சொன்னார். எங்கள் பையன் ஒருவன் ஓடு என்ற சொல்லுக்கு ஓடி, நில் என்ற பழக்கத்தில் நின்றுவிட்டானாம். எதிராளி உதைத்த பந்து அவன் முதுகில் பட்டுத் திரும்பிப் போய் அவர்கள் வலையிலேயே விழுந்ததாம். அவன் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான் என்று கேட்டேன். வேர்க்கடலைக்காரி பக்கம் என்றார்.

மூன்றாம் மாமா முகமெல்லாம் சிவந்து கீழே இறங்கி வந்தார். "மைதானம் இருக்கும்!" என்றார். "மேடையும் இருக்கும்! அடுத்த வருஷமும் ரெண்டு பேரும்தான்! அம்மனுக்குத் தெரியாததா?" ஃபோ கடைக்காரர், அது இரண்டாம் பாதியில் விழுந்தது, ஆகவே தன்னுடையது என்றார். பிரெஞ்சுக்காரர், முதல் பாதியில் ஒன்றோடு தடுத்தது தான்தான் என்றார். ஓடச் சொன்னவருக்குப் பாதி, நிற்கச் சொன்னவருக்குப் பாதி என்று மேஜர் தீர்ப்புச் சொன்னார். அந்த ஒரு விஷயத்தில் மேஜர் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது.

எல்லோரும் பசியோடு அடுப்படி வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். வேறு குழம்பு வைக்க நேரம் இல்லை. மேலாக வழித்து எடுக்க முடிந்ததை எடுத்துவிட்டு, கலக்கி, சோற்றில் ஊற்றினேன். என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்ததும் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிரெஞ்சுக்காரர் மாத்திரம் தட்டை நீட்டி இன்னும் கேட்டார். பிறகு ஏதோ சொன்னார்.

"இன்னைக்கு ருசி வேற மாதிரி இருக்காம்" என்றார் என் வீட்டுக்காரர். "என்ன மசாலா போட்டேன்னு கேக்கறார்."

"மேஜர் செருப்புன்னு சொல்லிடாதீங்க" என்றேன்.

அவருக்குப் புரையேறிவிட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, காரைக்காலிலிருந்து வந்த மசாலா என்று பிரெஞ்சில் சொன்னார். பிரெஞ்சுக்காரர் என்னைப் பார்த்துத் தலை வணங்கினார். ஃபோ கடைக்காரர் தன் பங்குக்குக் கொஞ்சம் அந்த மசாலா தர முடியுமா, அண்டாவில் போட்டுப் பார்க்கிறேன் என்று கேட்டார்.

அன்று மத்தியானம் எல்லோரும் போன பிறகு கழன்று விழுந்த ஆணியை என் வீட்டுக்காரர் குப்புறப் படுத்துத் தேடி எடுத்து, பலகையில் மறுபடியும் அடித்தார். நான் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்தேன். மறுநாளிலிருந்து மறுபடியும் மூடித்தான் சமைத்தேன்.